குழந்தைகள் காப்பகமும் குறுங்காணொளியும்: ஒரு விளம்பர முறையின் வரலாறு

குழந்தைகள் காப்பகத்தின் அன்றாட நிகழ்வுகளைச் சில நொடிகள் மட்டுமே ஓடும் காணொளிகளாகப் படம்பிடித்து, அவற்றைச் சமூக ஊடகங்களில் வெளியிட்டுப் புதிய சேர்க்கைகளைத் தேடும் வழக்கம் 2020-ஆம் ஆண்டுக்குப் பின் பரவலாகியுள்ளது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ், டிக்டாக் ஆகியவை இதற்குப் பயன்படும் முதன்மைத் தளங்கள். கருவி புதியது. ஆனால் அதற்குப் பின்னால் உள்ள கேள்விக்கு இருநூறு ஆண்டு வயதாகிறது. பெற்ற பிள்ளையை அந்நியர் கையில் விட்டுச் செல்லும் தாய் தந்தையருக்கு, அந்த இடம் உள்ளே எப்படி இருக்கிறது என்று எப்படிக் காட்டுவது? காட்டும்போது குழந்தையே காட்சிப் பொருளாகிவிடாமல் இருக்குமா? இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் கிடைத்த விடைகளை வரிசைப்படுத்துகிறது.

சொல்லும் பொருளும்

பெற்றோர் வேலைக்குச் செல்லும் நேரத்தில் பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடமே குழந்தைகள் காப்பகம். தமிழகத்தில் இதனைக் கிரெஷ், டே கேர், பிளே ஸ்கூல் என்றும், கல்வி சார்ந்த அமைப்பாக இருந்தால் மழலையர் பள்ளி, பாலர் பள்ளி என்றும் அழைக்கிறோம். அரசு நடத்தும் மையங்கள் முன்பு பால்வாடி என்றும் இப்போது அங்கன்வாடி என்றும் வழங்குகின்றன. இவற்றுக்குள் சட்டப்படியும் பாடத்திட்டப்படியும் வேறுபாடுகள் உண்டு. எனினும் பெற்றோரின் நம்பிக்கையைப் பெற்றாக வேண்டும் என்பது எல்லாவற்றுக்கும் பொது.

நியூ லனார்க்: பார்வையாளர் வந்த ஆலைப் பள்ளி

ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையில் உள்ள நியூ லனார்க் ஒரு பஞ்சாலை ஊர். அந்த ஆலையை நிர்வகித்த இராபர்ட் ஓவன் 1816 சனவரி 1 அன்று அங்கு ஒரு கல்வி நிலையத்தைத் திறந்தார். நடக்கத் தொடங்கிய குழந்தைகளையும் சேர்த்துக்கொண்ட பள்ளி அதற்குள்ளேயே இயங்கியது. தாய்மார்கள் ஆலையில் வேலை செய்யும் நேரத்தில் குழந்தைகள் அங்கே விளையாடினர், பாடினர், ஆடினர். ஜேம்ஸ் புகேனன் என்ற நெசவாளரும் மோலி யங் என்ற இளம்பெண்ணும் அவர்களைப் பார்த்துக்கொண்டனர். அடிக்கக் கூடாது, கடிந்து பேசக் கூடாது என்பது ஓவன் அவர்களுக்கு இட்ட கட்டளை.

தம் கொள்கையை உலகம் ஏற்க வேண்டும் என்று விரும்பிய ஓவன், ஆலையின் கதவுகளைப் பார்வையாளருக்குத் திறந்துவிட்டார். பத்தாண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் அங்கு வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டதாகக் கணக்கு உள்ளது. பின்னாளில் ருசியப் பேரரசரான நிக்கோலசும் அவர்களுள் ஒருவர். ஒரே மாதிரி வெள்ளை உடை அணிந்த குழந்தைகள் கூடத்தில் நடனமாட, விருந்தினர் சுற்றி நின்று பார்ப்பதை 1825-இல் வெளிவந்த ஓர் அச்சுச் சித்திரம் காட்டுகிறது. இன்றைய குறுங்காணொளியின் மூதாதை என்று இந்தச் சித்திரத்தைச் சொல்லலாம். அழகான சீருடை, இசை, சிரித்த முகம், வியந்து பார்க்கும் பெரியவர்கள் ஆகிய எல்லாக் கூறுகளும் அதில் இருக்கின்றன.

ஓவனின் பங்குதாரர்கள் சிலருக்கு அந்த ஆட்டமும் பாட்டும் உடையும் பிடிக்கவில்லை. 1824-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி நடன வகுப்பு குறைக்கப்பட்டது, உடையும் மாற்றப்பட்டது. அவர்களின் எதிர்ப்பு சமய ஒழுக்கம் சார்ந்தது. பார்வையாளர் கூட்டத்துக்கு நடுவே தினமும் நிற்பது குழந்தைக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நியூ லனார்க்கின் வழியைப் பின்பற்றி இங்கிலாந்தில் குழந்தைப் பள்ளிகளைப் பரப்பியவர் சாமுவேல் வில்டர்ஸ்பின். அவர் ஊர் ஊராகச் சென்றார். அந்தந்த ஊரின் ஏழைக் குழந்தைகளைச் சில வாரங்கள் பயிற்றுவித்து, பொதுக் கூட்டத்தில் மேடையேற்றிக் காட்டினார். பார்த்தவர்கள் மனமிளகி நன்கொடை அளித்தனர்; பள்ளிகள் எழுந்தன. குழந்தைகளைக் காட்டினால் பணம் வரும் என்ற பாடம் அப்போதே கற்கப்பட்டுவிட்டது.

காப்பகமும் கண்காட்சியும்

1844 நவம்பரில் பாரிசு நகரின் சையோ பகுதியில் பிர்மேன் மார்போ என்பவர் ஏழைத் தொழிலாளப் பெண்களின் கைக்குழந்தைகளுக்காக ஒரு காப்பகம் தொடங்கினார். மாட்டுக்கொட்டகைத் தொட்டியைக் குறிக்கும் 'கிரெஷ்' என்ற பிரெஞ்சுச் சொல்லை அதற்குப் பெயராக இட்டார். கிறித்துவின் பிறப்பை நினைவூட்டும் சொல் அது. செல்வந்தர்களின் நன்கொடையால் அந்த அமைப்பு நடந்தது. ஒரு நல்ல பெயரே எத்தகைய விளம்பரமாகும் என்பதற்கு இது சான்று. இன்று தமிழகத்தின் சிறு நகரங்களிலும் அந்தச் சொல் பலகையில் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி உலகக் கண்காட்சிகளின் காலம். 1893-இல் சிகாகோவில் நடந்த கண்காட்சியில் சிறுவர்களுக்கெனத் தனிக் கட்டடம் இருந்தது. அதற்குள் ஒரு மாதிரிக் காப்பகமும் இயங்கியது. கண்காட்சி பார்க்க வந்த தாய்மார்கள் குழந்தையை அங்கே விட்டுச் சென்றனர். மற்றவர்கள் அந்தக் காப்பகத்தையே ஒரு காட்சியாகப் பார்த்துச் சென்றனர்.

இந்த வரலாற்றில் மிகவும் சங்கடமான பக்கம் மார்ட்டின் கூனியுடையது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வெப்பப்பெட்டியில் வைத்துக் காக்கும் முறையைப் பெரும்பாலான அமெரிக்க மருத்துவமனைகள் ஏற்காத காலத்தில், அவர் அதனைப் பொழுதுபோக்குப் பூங்காவில் நடத்தினார். நியூயார்க்கின் கோனி தீவில் 1903 முதல் 1943 வரை அவருடைய குழந்தைக் கூடம் இயங்கியது. 25 சென்ட் கொடுத்தால் எவரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். பெற்றோரிடம் அவர் ஒரு காசும் வாங்கவில்லை. செவிலியர் சம்பளம், பால், வெப்பம் எல்லாவற்றுக்கும் அந்த நுழைவுச்சீட்டுப் பணமே ஆதாரம். பல்லாயிரம் குழந்தைகள் இதனால் உயிர் பிழைத்தனர்.

கூனி செய்தது சரியா தவறா என்று மாணவர்களிடம் கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அங்கே காட்சிக்கு வைக்கப்பட்ட குழந்தைக்கே காட்சியின் பயன் கிடைத்தது. அந்தப் பணம் இல்லையேல் அது இறந்திருக்கும். விளம்பரத்துக்காகக் குழந்தையைக் காட்டும் எந்த முறையையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம்: பயன் யாருக்கு?

மாண்டிசோரி: திரைப்படமும் கண்ணாடிச் சுவரும்

மரியா மாண்டிசோரி 1907 சனவரி 6 அன்று உரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போன நேரத்தில் குடியிருப்புச் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கிய குழந்தைகளை ஓரிடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே கட்டட உரிமையாளர்களின் நோக்கம். அந்தக் காப்பகத்திலிருந்துதான் உலகெங்கும் பரவிய ஒரு கல்விமுறை பிறந்தது.

அது பரவியதில் ஊடகத்தின் பங்கு பெரிது. 1911-இல் அமெரிக்காவின் மெக்லூர்சு இதழ் மாண்டிசோரி பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டது. வாசகர் கடிதங்கள் குவிந்தன. அவ்விதழின் ஆசிரியர் எஸ். எஸ். மெக்லூரின் ஏற்பாட்டில் 1913 இறுதியில் மாண்டிசோரி அமெரிக்கா சென்று நியூயார்க்கின் கார்னகி அரங்கம் உள்ளிட்ட இடங்களில் உரையாற்றினார். அப்போது உரோம் பள்ளியில் எடுக்கப்பட்ட அசையும் படங்களும் திரையிடப்பட்டன. குழந்தைகள் காப்பகம் ஒன்றின் உட்புறத்தைத் திரைப்படத்தின் வழியே கடல் கடந்த மக்களுக்குக் காட்டிய தொடக்ககால முயற்சிகளில் இது ஒன்று. குறுங்காணொளிக்கு ஒரு நூற்றாண்டு முன்பே அசையும் படம் இத்துறைக்குள் நுழைந்துவிட்டது.

1915-இல் சான் பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியில் மாண்டிசோரி வகுப்பறை ஒன்று கண்ணாடிச் சுவர்களுடன் அமைக்கப்பட்டது. ஹெலன் பார்க்கர்ஸ்ட் அதற்கு ஆசிரியராக இருந்தார். வெளியே கூட்டம் நின்று பார்க்க, உள்ளே குழந்தைகள் தம் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தனர். அந்த வகுப்பறை கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. அங்கே குழந்தைகள் எவருக்காகவும் நடிக்கவில்லை. பார்வையாளர் அவர்களின் வேலையைக் குலைக்கவும் இல்லை என்பதே மாண்டிசோரி முறையின் ஆதரவாளர்கள் பெருமையாகச் சொன்னது. காட்சிப்படுத்தலில் இது ஒரு முன்னேற்றம். ஆனாலும் கண்ணாடிக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை குழந்தைக்கு இல்லை.

தாயைக் காட்டிய சன்னல்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்குச் சேர்ந்தனர். ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் கைசர் நிறுவனம் 1943-இல் தன் தளங்களின் வாயிலிலேயே இரண்டு பெரிய காப்பகங்களைத் திறந்தது. இரவு முறை வேலைக்காரர்களுக்கும் பயன்படும்படி அவை 24 மணி நேரமும் இயங்கின. வேலை முடிந்து குழந்தையை அழைக்க வரும் தாய், வீட்டுக்கு வேண்டிய சமைத்த உணவையும் அங்கேயே விலைக்கு வாங்கிச் செல்லலாம்.

அந்தக் கட்டடத்தின் பெரிய சன்னல்கள் கப்பல் தளத்தைப் பார்த்தபடி அமைந்திருந்தன. அம்மா எங்கே வேலை செய்கிறாள் என்பதைக் குழந்தை பார்க்க முடிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஊர் குழந்தையைப் பார்க்கக் கண்ணாடி வைத்தார்கள். இங்கே குழந்தை தன் தாயின் இடத்தைப் பார்க்கக் கண்ணாடி வைத்தார்கள். போர் முடிந்ததும் 1945-இல் இந்தக் காப்பகங்கள் மூடப்பட்டன.

இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியா நகரம் மற்றொரு வழியைக் கண்டது. அங்கு 1963-இல் நகராட்சியின் முதல் மழலையர் பள்ளி தொடங்கப்பட்டது. அப்பள்ளிகளுக்கு வழிகாட்டிய லோரிஸ் மாலகுசியும் ஆசிரியர்களும் தொடக்க ஆண்டுகளில் வாரம் ஒருமுறை பள்ளியையே நகரின் பூங்காவுக்கும் சந்தைவெளிக்கும் அழைத்துச் சென்றனர். தம் வரிப்பணத்தில் என்ன நடக்கிறது என்று ஊரார் நேரில் பார்த்தனர். பார்த்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அவர்களைக் குழந்தைகளும் பார்த்தனர்.

பின்னர் 1981 முதல் அந்நகரம் வெளிநாடுகளில் நடத்திய கண்காட்சி, குழந்தைகளின் ஓவியங்களையும் களிமண் உருவங்களையும் அவர்கள் பேசிய சொற்களையும் முன்னிறுத்தியது. உலகின் பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் ரெஜ்ஜியோவைத் தேடி வர அதுவே காரணமாயிற்று. குழந்தையின் முகத்தை நம்பாமல் குழந்தையின் வேலையை நம்பிய விளம்பரம் இது.

இந்தியாவும் தமிழ்நாடும்

குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920-இல் பால மந்திரைத் தொடங்கினார். மாண்டிசோரி 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர் பயிற்சி நடத்தினார். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கினார். அவரிடம் பயின்றவர்கள் வழியாகத் தமிழகத்திலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் மாண்டிசோரி பள்ளிகள் எழுந்தன. 1969-இல் தில்லியில் மீரா மகாதேவன் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே கூலித் தொழிலாளரின் குழந்தைகளுக்காக நடமாடும் காப்பகத்தைத் தொடங்கினார்.

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டு, அங்கன்வாடி நாடு முழுதும் வேரூன்றியது. தமிழ்நாட்டில் 1982 சூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம் பள்ளிக் குழந்தைகளுடன் பால்வாடிக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. இந்த மையங்களுக்குத் தனி விளம்பரம் தேவைப்படவில்லை. ஊழியர் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தார். ஆயா பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். மதியம் எழும் சாம்பார் மணம் மிச்ச வேலையைச் செய்தது.

தனியார் மழலையர் பள்ளிகள் பெருகியபோது நிலைமை மாறியது. நான் ஆசிரியராக இருந்த காலத்தில் ஏப்ரல், மே மாதம் வந்துவிட்டால் நாளிதழுக்குள் வண்ணத் துண்டறிக்கை விழும். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் 'சேர்க்கை நடைபெறுகிறது' என்று தெருத்தெருவாகச் சொல்லிப் போவார்கள். பிறகு ஃபிளெக்ஸ் பலகை வந்தது. அதில் பெரும்பாலும் ஏதோ ஒரு வெளிநாட்டுக் குழந்தையின் படம் இருக்கும், இணையத்திலிருந்து எடுத்தது. விசயதசமி நாளில் நெல்லில் 'அ' எழுதும் குழந்தையின் படம் உள்ளூர்ச் செய்தியில் வரும். இந்த விளம்பரங்களுக்கு ஓர் எல்லை இருந்தது. துண்டறிக்கை மறுநாள் கடலை மடிக்கப் போய்விடும். ஃபிளெக்ஸ் வெயிலில் வெளுத்துவிடும்.

குறுங்காணொளியின் வருகை

யூடியூப் 2005-இல் தொடங்கியது. ஆறு நொடிக் காணொளிகளுக்கான வைன் செயலி 2013-இல் வந்து 2017-இல் மூடப்பட்டது. சீனாவின் டூயின் செயலி 2016-இல் தோன்றியது. அதன் அயல்நாட்டு வடிவமான டிக்டாக், மியூசிக்கலி செயலியுடன் 2018 ஆகஸ்டில் இணைந்தபின் இந்தியாவில் பட்டிதொட்டியெங்கும் பரவியது. 2020 சூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவில் அறிமுகமானது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் இந்தியாவில்தான் முதலில் சோதிக்கப்பட்டது.

அதே காலத்தில்தான் பெருந்தொற்றால் காப்பகங்களும் மழலையர் பள்ளிகளும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மூடிக் கிடந்தன. வாடகை கொடுக்க முடியாமல் பல சிறு மையங்கள் நின்றே போயின. மீண்டும் திறந்தவர்களுக்குப் பிள்ளைகள் வேண்டும். கையில் பணம் இல்லை. செல்பேசி மட்டும் இருந்தது. துண்டறிக்கைக்கு அச்சுக்கூலி வேண்டும், காணொளிக்கு வேண்டாம். பெரும்பாலும் பெண்களே நடத்தும் இந்தச் சிறு தொழில், இலவச விளம்பரத்தைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கு முன் இந்தச் சூழலை நினைவில் கொள்ள வேண்டும்.

பெற்றோருக்கும் இதனால் நன்மை உண்டு. பலகையைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய முடியாது. காணொளியில் அறையின் வெளிச்சம், தரை, ஆசிரியரின் குரல், குழந்தைகளிடம் அவர் பேசும் விதம் ஆகியவை தெரிகின்றன.

இக்காணொளிகள் செயல்படும் விதம்

குறுங்காணொளியை யாருக்குக் காட்டுவது என்பதைத் தளத்தின் கணிப்பு நிரல் முடிவு செய்கிறது. பார்ப்பவர் எவ்வளவு நேரம் நின்றார், மறுபடி பார்த்தாரா, பிறருக்கு அனுப்பினாரா என்பவற்றைக் கணக்கிட்டு மேலும் பலருக்குக் காட்டுகிறது. முதல் இரண்டு மூன்று நொடிகளில் கண்ணை நிறுத்தாத காணொளி பின்தங்கிவிடும். கண்ணை நிறுத்துவதில் குழந்தையின் முகத்துக்கு இணை எதுவுமில்லை. அழும் முகமும் கோணிய முகமும் இன்னும் வேகமாக நிறுத்தும். எனவே சமையலறைச் சுத்தத்தைக் காட்டும் காணொளி நூறு பேரைச் சென்றடையும்போது, முதல் நாள் அழுகைக் காணொளி இலட்சம் பேரைச் சென்றடையக்கூடும். தவறான ஒன்றைச் செய்யும்படி எவரும் சொல்வதில்லை. எண்ணிக்கையே மெல்லச் சொல்லிக்கொடுக்கிறது.

முந்தைய முறைகளிலிருந்து இது மூன்று வகைகளில் வேறுபடுகிறது.

1. பார்வையாளர் யாரென்று தெரியாது. நியூ லனார்க்கில் கூட வந்தவர் பெயர் பதிவேட்டில் இருந்தது.

2. படம் அழியாது. காப்பகம் நீக்கினாலும், தரவிறக்கியவரிடம் அது இருக்கும்.

3. துணைத் தகவல்கள் சேர்ந்தே போகின்றன. இருப்பிடக் குறி, சீருடை, கழுத்தில் தொங்கும் பெயர் அட்டை, வேன் எண், வீட்டுக்கு அனுப்பும் நேரம் ஆகியவற்றை ஒரே காணொளியிலிருந்து எவரும் எடுத்துவிடலாம்.

என் உறவினர் வீட்டுப் பெண்குழந்தை ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காப்பகத்தில் சேர்த்தார்கள். முதல் நாள் அவள் வாயிலைப் பிடித்துக்கொண்டு அழுததைப் படமெடுத்து, நகைச்சுவை நடிகர் ஒருவரின் குரலை அதன்மேல் ஒட்டி வெளியிட்டார்கள். எங்கள் குடும்பக் குழுவிலும் எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். அடுத்த ஆண்டு கடைத்தெருவில் முன்பின் தெரியாத ஒருவர் அவளைப் பார்த்து, அந்த அழுகைக் காணொளிப் பாப்பாதானே என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் அம்மாவின் புடவைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். காப்பகம் நல்ல காப்பகம்தான்; அங்கே அவளை அன்பாகவே வைத்திருந்தார்கள். காணொளியை நீக்கும்படி கேட்டதும் உடனே நீக்கினார்கள். அதற்குள் அது பிறரின் பக்கங்களில் பலமுறை மறுபதிவாகியிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற எனக்கு, அழும் பிள்ளையைத் தூக்குவதற்கு முன் கருவியைத் தூக்கிய கை அன்று உறுத்தாமல் போனதே என்ற வருத்தம் இன்றும் உண்டு.

சட்டங்கள்

ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு, குழந்தையின் தனிவாழ்வில் எவரும் முறையின்றித் தலையிடக் கூடாது என்கிறது. இந்தியா 1992 டிசம்பரில் இதில் இணைந்தது.

இங்கிலாந்தில் 2009-இல் ஒரு மழலையர் காப்பக ஊழியர் செல்பேசிப் படக்கருவியைக் கொடுங்குற்றத்துக்குப் பயன்படுத்தியது வெளிவந்து நாட்டையே உலுக்கியது. செல்பேசி, படக்கருவி ஆகியவற்றைப் பயன்படுத்துவது பற்றி ஒவ்வொரு காப்பகமும் தன் பாதுகாப்புக் கொள்கையில் விதி வகுத்திருக்க வேண்டும் என்பது அங்கே கட்டாயம். ஆஸ்திரேலியாவில் 2024 சூலையில் வெளியான தேசிய மாதிரி நெறிமுறை, குழந்தைகளைப் படமெடுக்கக் காப்பகத்துக்குச் சொந்தமான கருவியை மட்டுமே பயன்படுத்த வேண்டும், ஊழியர் தம் சொந்தச் செல்பேசியைப் பயன்படுத்தக் கூடாது என்றது. பிரான்சு 2024 பிப்ரவரியில், குழந்தையின் உருவப்பட உரிமையைக் காப்பது பெற்றோரின் கடமை என்று தனிச் சட்டம் இயற்றியது.

இந்தியாவின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அது 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்று கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் விருப்பத்தால் அளிக்கப்பட்டதாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும். பின்னர் திரும்பப் பெறவும் முடியும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. குழந்தைகளின் பாதுகாப்புக்காக அவர்களைக் கண்காணிப்பதில் காப்பகங்களுக்கு அவ்விதிகள் சலுகை தருகின்றன. அந்தச் சலுகை விளம்பரத்துக்கு உரியதன்று.

சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், கட்டண விவரங்களுக்கு நடுவே, படம் வெளியிட ஒப்புகிறேன் என்ற ஒரு வரி பல இடங்களில் இருக்கிறது. இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற தவிப்பில் பெற்றோர் இடும் கையெழுத்தை விருப்பத்தால் அளித்த ஒப்புதல் என்று சொல்வது கடினம். மறுத்தால் சேர்க்கை பாதிக்காது என்று எழுத்தில் சொன்னால்தான் அது ஒப்புதலாகும்.

வரலாறு காட்டும் வழிகள்

குறுங்காணொளியே கூடாது என்பது இதன் முடிவன்று. மேலே கண்ட வரலாற்றிலேயே நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன.

ரெஜ்ஜியோ எமிலியா போலக் குழந்தையின் வேலையைக் காட்டலாம். மணலில் எழுதும் விரல்கள், களிமண் யானை, சுவரில் ஒட்டிய கிறுக்கல், மழைநீரில் விட்ட காகிதக் கப்பல் ஆகியவற்றுக்கு முகம் தேவையில்லை.

கைசர் காப்பகம் போலப் பெற்றோருக்குப் பயன்படுவதைக் காட்டலாம். எத்தனை மணிக்குத் திறக்கிறது, வேலை முடிந்து வரத் தாமதமானால் யார் இருப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்கள், யாரிடம் மட்டும் குழந்தையை ஒப்படைப்பார்கள் என்பவற்றை ஆசிரியரே நேரில் சொல்லலாம். குழந்தைகள் வருவதற்கு முன், காலை நேரத்து வெற்று அறையையும், தண்ணீர் வடிகட்டியையும், தாழ்வாக அமைந்த கழிப்பறையையும், அடுப்படியையும் காட்டலாம். பத்தாண்டுகளாகப் பணியாற்றும் ஆயாம்மா ஒரு கதை சொன்னால், அந்தக் குரலே பெற்றோருக்குப் பாதிப் பதில்.

பார்க்கத்தான் வேண்டும் என்பவர்களை நேரில் அழைக்கலாம். குழந்தையின் அன்றாடப் படங்களை அந்தந்தப் பெற்றோருக்கு மட்டும் தனியாக அனுப்பலாம். ஊருக்குக் காட்டும் படமும் தாய்க்குக் காட்டும் படமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

பெற்றோரும் கேள்வி கேட்கப் பழக வேண்டும். படமெடுப்பவர் யார், எந்தக் கருவியில், எங்கே சேமிக்கிறார்கள், கேட்டால் நீக்குவார்களா என்று கேட்பது அவநம்பிக்கையாகாது. உணவு பற்றிக் கேட்பது போன்றதே. ஒரு காப்பகத்தின் பக்கத்தில் நூறு காணொளிகள் இருந்தால், அவற்றை எடுத்த நேரத்தில் குழந்தைகளுடன் இருந்தவர் யார் என்றும் கேட்கலாம்.

முடிவுரை

நியூ லனார்க்கின் நடனக்கூடம் முதல் இன்றைய கைப்பேசித் திரை வரை, காப்பகம் நடத்தியவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணம் கொண்டவர்களே. அவர்களுக்குப் பணம் வேண்டியிருந்தது, ஆதரவு வேண்டியிருந்தது. குழந்தையைக் காட்டினால் அவை கிடைத்தன. ஒவ்வொரு காலத்திலும் கேட்கப்படாமல் போனது குழந்தையின் விருப்பம் மட்டுமே. இரண்டு வயதுக் குழந்தையால் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல இயலாது. அது வளர்ந்து இருபது வயதில் தன் பழைய காணொளியைப் பார்க்கும்போது, பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைத்த இடத்தில் தன்னை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்கான சான்றாகவே அதைக் கொள்ளும். காணொளியை வெளியிடும் முன் அந்த இருபது வயதுப் பார்வையாளரையும் ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.